கூடையில் வந்த சோழமண்டலப் பறவை

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கத்து அன்பர் ஒருவர், "உங்கள் ஊரில் காடை முட்டை தாராளமாகக் கிடைக்குமாமே, குழந்தைக்கு வாங்கிக் கொடுப்பதுண்டா?" என்று விசாரித்தார். கிடைப்பது உண்மை, நம் வீட்டில் வாங்குவதில்லை என்பதும் உண்மை. ஏன் என்று கேட்டார். அதற்குள் பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம்.

காரணங்கள் இரண்டு. முதலாவது எளிது. நம் இல்லத்தரசி கொங்கு நாட்டில் காடைக் கூட்டத்தில் பிறந்தவர். பறவையின் பெயரைக் குலத்தின் பெயராகத் தாங்கியவர்கள் அப்பறவையைக் கொல்வதும் உண்பதும் கூடாது என்பது அவர் பிறந்த வீட்டு வழக்கம். திருமணமான புதிதில் இதை அறியாமல், கடைத்தெருவில் புள்ளி புள்ளியாய்ப் பார்க்க அழகாக இருந்த அம்முட்டைகளில் ஒரு டஜன் வாங்கிச் சென்றோம். "ஏனுங்க, அதைச் சமையற்கட்டுக்குள்ளே கொண்டாராதீங்க" என்று வாசற்படியிலேயே தடுத்துவிட்டார். முட்டைகள் அண்டை வீட்டுக்குச் சென்றன. இரண்டாவது காரணம் அவ்வளவு எளிதன்று. அதில் நம் கையொப்பம் இருக்கிறது.

ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், இமயமலையின் அடிவாரத்துத் தராய்ப் பகுதியில் ஒரு சிறு நிலையத்தில் நாம் பார்சல் குமாஸ்தாவாக இருந்தோம். சுற்றிலும் நெல்லும் கரும்பும். அவை இல்லாத இடத்தில் ஆளுயர நாணல். ஆவணி மாதத்து மழைநாள் ஒன்றில், வண்டி வருவதற்குக் கால் மணி நேரம் இருக்கையில், ஒருவர் மூங்கிற்கூடை ஒன்றைத் தலையில் சுமந்து வந்தார். மேலே சாக்குத் துணி தைத்திருந்தது. அனுப்புச் சீட்டில், "ஜப்பான் காடை, உயிருள்ளவை, 120" என்று எழுதியிருந்தார். தராசில் வைத்தோம். கூடையோடு சேர்த்துப் பதின்மூன்று கிலோ.

தூக்கி வைத்த சுமைகூலிக்காரர், "பாபுஜி, கூடை பஞ்சாக இருக்கிறதே!" என்றார். கொண்டுவந்தவர் உடனே, "குஞ்சுகள், பாபுஜி" என்றார். நாம் கடிகாரத்தைப் பார்த்தோம். அந்த நிலையத்தில் வண்டி நிற்பது இரண்டே நிமிடம். துணியின் ஓட்டை ஒன்றின் வழியாக ஒரு பறவை கழுத்தை நீட்டியது. வெண்மையான தொண்டையில் கறுப்புக் கோடுகள். அதன் கீழே, மைக்கூடு கவிழ்ந்தாற்போல, மார்பில் ஒரு கரிய திட்டு. 'அழகாக இருக்கிறதே' என்று நினைத்தோம். அவ்வளவே நினைத்தோம். கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, கூடையை வண்டியில் ஏற்றிவிட்டோம்.

மூன்று ஆண்டுகள் சென்றபின் இஜ்ஜத்நகருக்கு மாற்றலாகி வந்தோம். இரயில்வேக்காரர்களுக்கு இவ்வூர் ஒரு கோட்டத்தின் தலைமையிடம்; பண்ணைக்காரர்களுக்கோ மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர். ஒரு விடுமுறை நாளில் படிப்பகத்து அலமாரியில் சாலிம் அலி அவர்கள் 1941-இல் முதன்முதல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலின் பிந்திய பதிப்பொன்று கையில் அகப்பட்டது. நம் புதல்வனுக்குப் படம் காட்டலாம் என்று புரட்டிக்கொண்டு போனோம். ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது. அதே தொண்டைக் கோடுகள், அதே மைத்திட்டு.

மழைக்காடை என்று அதனைச் சொல்லலாம். மழை தொடங்கிப் புல் எழும்பியதும் சேவல் தன் இரட்டைக் குரலை இடைவிடாமல் கூவிக்கொண்டிருக்கும். அப்பருவமே அதற்கு இனம் பெருக்கும் பருவம். நமது நாட்டிலும் அண்டை நாடுகளிலும் புல்வெளிகளிலும் பயிர் நிலங்களிலும் வாழ்வது. ஜப்பானுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அதன் விஞ்ஞானப் பெயரைப் பார்த்தபோதுதான் நமக்கு உள்ளபடியே வியர்த்தது. 1789-இல் க்மெலின் என்னும் ஜெர்மானிய அறிஞர் இட்ட பெயர்: கொட்டர்னிக்ஸ் கோரமண்டெலிக்கா. ஐரோப்பியர் நாவில் கோரமண்டல் என்று திரிந்தது நம் சோழமண்டலமே. ஆக, சோழமண்டலத்தின் பெயரைத் தாங்கிய நூற்றிருபது பறவைகளை, ஜப்பான் என்று சீட்டெழுதி, ஒரு தமிழனே வண்டியேற்றி விட்டிருக்கிறான்.

இரவு இல்லத்தரசியிடம் சொன்னோம். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "எங்க வீட்டுப் பேரையில்ல ரயிலேத்தி உட்டுட்டு வந்திருக்கீங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பின்னரே அறிந்தோம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுக் காடையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். பண்ணையில் பொரித்து வளர்த்த ஜப்பான் காடையை விற்கலாம். இந்த இடைவெளியில்தான் கூடைக்காரரின் பிழைப்பு நடக்கிறது. கூட்டில் அடைத்த ஒரு பறவையைக் கூவவிட்டு மற்றவற்றை அழைப்பதும், புல்லில் வலை விரித்துப் பிடிப்பதும் இப்பக்கத்தில் பழைய தொழில். பிடித்தவற்றுக்கு ஜப்பான் என்று பெயர் சூட்டிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்த எங்கேனும் ஒரு குமாஸ்தா இருப்பான்.

வேற்றுமை அறிவது கடினமா என்றால், நமக்கு மிக எளிதாக இருந்திருக்க வேண்டும். பண்ணைக் காடை விற்பனைக்கு வரும்போது ஏறத்தாழ இருநூறு கிராம் இருக்கும். மழைக்காடை எழுபது, எண்பது கிராம். நூற்றிருபது பண்ணைக் காடைகள் என்றால் கூடை நீங்கலாகவே இருபத்துநான்கு கிலோ வரவேண்டும். நம் தராசு காட்டியதோ கூடையும் சேர்ந்து பதின்மூன்று. தராசு உண்மையைச் சொல்லிற்று, சுமைகூலிக்காரரும் சொன்னார். பார்சல் குமாஸ்தாவின் தொழிலே எடை பார்ப்பதுதான். கட்டணத்துக்காகப் பார்த்தோமேயன்றி வேறெதற்காகவும் பார்க்கவில்லை. இந்தியில் ஒரு பழமொழி உண்டு: குருடன் கையில் காடை அகப்பட்டது போல என்பார்கள். முயலாதவனுக்கு வாய்த்த அதிருஷ்டத்தைக் குறிப்பது. அதைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் குருடன் யாரென்று நமக்குத் தெரிகிறது.

நிற்க. அன்று முதல் காடைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கலானோம். படிக்கப் படிக்க, நம் கையெழுத்து எத்தனை பெரிய வீட்டின் வாசலில் விழுந்திருக்கிறது என்பது விளங்கியது.

முதலில், சீட்டில் எழுதியிருந்த ஜப்பான் காடையைப் பார்ப்போம். ஜப்பான், கொரியா, கீழைச் சீனம், மங்கோலியா ஆகிய நாடுகளின் புல்வெளிகளே அதன் சொந்த இருப்பிடம். ஜப்பானியர் முதலில் அதன் கூவலுக்காகவே வளர்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் முட்டைக்கும் இறைச்சிக்குமாகப் பெருக்கினர். நம் நாட்டுக்கு 1974-இல் வந்து, இதே இஜ்ஜத்நகரில் ஆராயப்பட்டு, எங்கும் பரவியது. பதினேழு பதினெட்டு நாளில் குஞ்சு பொரிக்கும். ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். 1990-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மீர் என்னும் சோவியத் விண்வெளி நிலையத்திலும் இதன் குஞ்சு பொரித்தது. விண்வெளியில் பிறந்த முதற்பறவை என்ற பெருமை காடைக்கே! ஆனால் பண்ணையில் தலைமுறை தலைமுறையாக இருந்ததில், அடைகாக்கும் வழக்கத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. முட்டையிடும், எழுந்து போய்விடும். இயந்திரம் அடைகாக்க வேண்டும். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து, வந்த இடத்தில் செழித்து, வீட்டு வழக்கம் ஒன்றை மறந்துவிட்ட உயிர். நம்மவர் வீடுகளிலும் இப்படிச் சில உண்டு. அதைப் பற்றி வேறொரு சமயம் எழுதலாம்.

அதன் நெருங்கிய உறவான சாதாரணக் காடையோ ஊர் விட்டு ஊர் செல்வதில் நம்மையெல்லாம் விஞ்சியது. நூறு கிராம் எடை, குட்டைச் சிறகு. இலேசில் எழும்பிப் பறக்காது. காலடியோசை கேட்டால் ஓடி ஒளியவே பார்க்கும். அத்தகைய பறவை, பருவம் மாறினால் இரவு இரவாகப் பறந்து ஐரோப்பாவிலிருந்து மத்தியதரைக் கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குச் செல்கிறது. ஆசியாவில் உள்ளவை குளிர்காலத்துக்கு நமது நாட்டுக்கு வருகின்றன. கோதுமை வயல்களில் தங்கியிருந்து பங்குனி சித்திரையில் திரும்பிவிடும். கடலைக் கடந்து களைத்து எகிப்தின் கரையில் இறங்குபவற்றுக்காக மைல் கணக்கில் வலை கட்டி வைப்பது அங்கே பழைய வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான பறவைகளை உயிரோடு கப்பலேற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அங்கும் யாராவது ஒரு குமாஸ்தா சீட்டில் கையொப்பமிட்டிருப்பான். பண்டைய ரோமானியரான பிளினி, காடைக் கூட்டம் இரவில் பாய்மரத்தின் மேல் இறங்கிக் கப்பலைக் கவிழ்த்துவிடும் என்று எழுதினார். நம்புவதற்கில்லை, ஆயினும் எத்தனை பறவைகள் பறந்திருந்தால் இப்படியொரு கதை பிறந்திருக்கும்!

அமெரிக்காவில் காடை என்று அழைக்கப்படுபவை வேறொரு குடும்பம். உருவம் ஒத்திருப்பதால் குடியேறியவர்கள் ஊர்ப் பெயரையே சூட்டிவிட்டார்கள். கலிபோர்னியாக் காடையின் நெற்றியில் காற்புள்ளி போல ஓர் இறகுக் கொண்டை முன்னால் வளைந்து ஆடும். 1931 முதல் அதுவே அம்மாநிலத்தின் பறவை. மேற்குத் தொடரின் மலைக்காடை, பனி விழுமுன் குடும்பத்தோடு கால்நடையாகவே அடிவாரத்துக்கு இறங்கி, வேனிலில் மீண்டும் நடந்து ஏறும். கிழக்கே பாப்வைட் என்னும் காடைகள் இரவில் வட்டமாக அமர்ந்து, வால்களை உள்ளேயும் தலைகளை வெளியேயும் வைத்து உறங்கும். எத்திசையில் ஆபத்து வந்தாலும் ஒரு கண் பார்க்கும். நம் புதல்வன் இதைக் கேட்டுவிட்டு அன்றிரவு தன் தம்பி தங்கையரையும் அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் அவ்வாறே படுக்கவைத்துப் பார்த்தான். தலையணைகள் போதவில்லை.

நமது நாட்டிலேயே குறுங்காடை என்று ஒரு வகை உண்டு. மற்றக் காடைகளைப் போலவே இருக்கும்; காலைப் பார்த்தால் பின்விரல் இராது. இனத்தால் அது காடையே அன்று. கடற்கரை உள்ளான்களுக்கும் கடற்காகங்களுக்கும் உறவு என்கிறார்கள். அதில் பேடையே பெரியது, நிறம் மிக்கது. கூவி அழைப்பதும் சண்டையிடுவதும் அதுவே. முட்டையிட்டுச் சேவலிடம் ஒப்படைத்துவிட்டு வேறு சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் சேவலின் பொறுப்பு. இதை வாசித்துக் காட்டியபோது நம் இல்லத்தரசி சிரித்த சிரிப்பை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. நீலகிரிக்குச் சென்றவர்கள், காட்டோரப் பாதையில் சிவந்த அலகும் கால்களும் உடைய சிறு காடைக் கூட்டம் வரிசையாக ஓடுவதைக் கண்டிருக்கக்கூடும். சங்கப் புலவர்கள் குறும்பூழ் என்று காடையைப் பாடினார்கள்; கலித்தொகையில் குறும்பூழ்ப் போரும் வருகிறது. இங்கே இலட்சுமணபுரி நவாபுகள் காடைச் சண்டைக்குச் செல்வத்தை வாரி இறைத்ததைக் கேட்டு நம்மவர் நகைப்பதுண்டு. அந்நகைப்புக்கு நமக்கு உரிமை குறைவு.

இவற்றையெல்லாம்விட நம்மை வருத்திய செய்தி நம் கோட்டத்துக்குள்ளேயே இருந்தது. இஜ்ஜத்நகரிலிருந்து வடக்கே செல்லும் தண்டவாளம் காட்கோதாமில் மலைக்கு முன்னால் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே நைனிதால். அங்கே ஷேர் கா டண்டா என்றொரு மேடு. 1876-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அம்மேட்டில் ஓர் ஆங்கில அதிகாரி ஒரு பறவையைச் சுட்டார். அதுவே இமாலயக் காடை. சேவல் கருஞ்சாம்பல் நிறம்; கறுப்பும் வெள்ளையுமான முகம்; சிவந்த அலகு, சிவந்த கால்கள். அதற்கு முன் முசூரிப் பக்கத்தில் சில அகப்பட்டன. உலகத்து அருங்காட்சியகங்களில் உள்ள தோல்கள் எல்லாம் சேர்த்து ஒரு டஜன் அளவுதான் தேறும். 1876-க்குப் பின்னர் ஐயத்துக்கு இடமின்றி அதைக் கண்டவர் எவரும் இல்லை. செங்குத்தான தென்சரிவுகளில் அடர்ந்த நெடும்புல்லே அதன் வீடு. மிதிக்கும் வரையில் எழும்பாதாம். அத்தகைய புல்லெல்லாம் மேய்ச்சலுக்கும் கட்டடங்களுக்கும் போனபின் எங்கே ஒளியும்? நியூசிலாந்துத் தீவுகளின் காடையும் 1875-ஆம் ஆண்டளவில் அழிந்துபோயிற்று.

ஆனாலும் இமாலயக் காடையை அழிந்தது என்று அறிஞர்கள் இன்னும் எழுதிவிடவில்லை. மிகவும் அருகியது என்றே வைத்திருக்கிறார்கள். அதற்குக் காரணமில்லாமலில்லை. காங்கிரசை நிறுவியவராக நாம் பள்ளியில் படித்த ஹியூம் துரை பெரிய பறவை ஆராய்ச்சியாளர். அவர் 1881-இல் மணிப்புரிக் காடை என்ற ஒன்றை நெடும்புல்லில் கண்டறிந்தார். 1932-க்குப் பிறகு அதையும் காணவில்லை. எழுபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 2006-இல், அசாமின் மானஸ் புல்வெளியில் அது மீண்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

இதைச் சொல்லித்தான் நம் புதல்வன் நம்மை நைனிதாலுக்கு அழைத்துச் சென்றான். சென்ற ஐப்பசியில் குடும்பத்தோடு காட்கோதாம் சென்று, அங்கிருந்து பஸ்ஸில் ஏறினோம். அந்த மேட்டின் சரிவெங்கும் இப்போது வீடுகளும் விடுதிகளும் நிறைந்திருக்கின்றன. புல் மிஞ்சியிருந்த ஓரிடத்தில் பையன் அரைமணி நேரம் குந்தியிருந்தான். ஒரு நாய் வந்தது. பிறகு கடலை விற்பவர் வந்தார். "அப்பா, மிதிச்சாத்தானே எழும்பும்? நாம மிதிக்கவே இல்லையே" என்றான். மிதித்துப் பார்க்க அனுமதிக்கவில்லை, சரிவு அப்படிப்பட்டது.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் நடந்ததை இனிச் சொல்லவேண்டும். விடுப்பில் சென்ற ஒருவருக்குப் பதிலாக வேறொரு நிலையத்தில் பத்து நாட்கள் பார்சல் வேலை பார்க்க நம்மை அனுப்பினார்கள். ஆவணி மாதம், மழை. ஐந்தாம் நாள் மாலையில் ஒரு மூங்கிற்கூடை வந்தது. "ஜப்பான் காடை, 80." தராசு பத்து கிலோ காட்டிற்று. கூடைக்கு நான்கு கிலோ தள்ளினால் மீதி ஆறு. எண்பதால் வகுத்தால் பறவைக்கு எழுபத்தைந்து கிராம். கணக்கைச் சீட்டின் ஓரத்திலேயே போட்டோம். "துணியைப் பிரியுங்கள், பார்க்கவேண்டும்" என்றோம். "குஞ்சுகள், பாபுஜி. வண்டி வந்துவிடும்" என்றார் அவர். "வண்டி போகட்டும்" என்றோம். வேலையில் சேர்ந்த நாள் முதல் இச்சொற்களை நாம் சொன்னதேயில்லை. தையலை நாமே பிரித்தோம். உள்ளே மைத்திட்டு மார்புகள். வனத்துறைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணவில்லை. சீட்டில் எழுதியிருந்த முகவரியும் பொய்.

வனக்காவலர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை கூடைக்குள் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, விளக்கை அணைத்து, எவரையும் நெருங்கவிடாமல் பார்த்துக்கொண்டோம். ஓடுபாதைக்கு அப்பால் ஆற்றங்கரை நாணலில், இருட்டும் வேளையில், அவர் கூடையைச் சாய்த்தார். பறக்கும் என்று எதிர்பார்த்தோம். ஒன்றும் பறக்கவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் புல்லுக்குள் ஓடி மறைந்தன. எழுபத்துமூன்று ஓடின, ஏழு கூடையிலேயே கிடந்தன. அவற்றைக் காவலர் எண்ணிக் குறித்துக்கொண்டு, நம்மிடம் கையொப்பம் வாங்கினார்.

விடுமுறை நாளில் வீட்டுக்குச் சென்றபோது இல்லத்தரசி எண்ணிக்கையை இரண்டு முறை கேட்டார். பிறகு அரிசி களையப் போய்விட்டார். அந்த முதற்கூடையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாமும் எடுக்கவில்லை.